திருச்சி விமான நிலையம் முன்பு இரவு நேரப் பேருந்துகள் நின்று செல்ல உத்தரவிட வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
வெளிநாட்டில் வேலை பார்ப்போரின் குடும்பத்தினர் சார்பாக,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பொருள்: திருச்சி விமான நிலையம் எதிரே இரவு நேரத்தில் புதுக்கோட்டை வழித்தடப் பேருந்துகள் நின்று செல்லவும், அங்கே விளக்கு, நிழற்குடை, கழிப்பறை அமைக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து உரிய அலுவலகத்தில் நாங்கள் முன்னர் அளித்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு கிடைத்தது. "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்ற பதிலும் ஒருமுறை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வேறு வழியின்றித் தங்கள் நேரடிக் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். தாங்கள் அடிக்கடி கடந்து செல்லும் சாலைதான் என்பதால் இடத்தை விளக்கத் தேவையில்லை. டிவிஎஸ் டோல்கேட்டும் சுப்பிரமணியபுரமும் தாண்டி, செம்பட்டுப் பகுதியில், புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலிருந்து விமான நிலையத்துக்குப் பிரியும் இடத்தைப் பற்றியே இம்மனு.

1. இந்த விமான நிலையம் திருச்சி நகருக்கு மட்டும் உரியது அல்ல என்பதைத் தாங்கள் அறிவீர்கள். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், லெப்பைக்குடிகாடு, கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, அறந்தாங்கி என்று டெல்டாவிலும் சுற்று மாவட்டங்களிலும் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் அடுப்பெரியும் ஊர்கள் அத்தனைக்கும் இதுதான் வாசல். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வளைகுடாவுக்கும் எங்கள் பிள்ளைகள் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். எங்கள் பக்கத்துக் காய்கறியும் பூவும் இங்கிருந்துதான் ஏற்றுமதியாகின்றன. போன இடத்தில் ஒருவன் இறந்துவிட்டால் அவன் உடலும் பெரும்பாலும் இங்கேதான் வந்து இறங்குகிறது.

2. 2012ஆம் ஆண்டு இதற்குப் பன்னாட்டு விமான நிலையத் தகுதி கிடைத்தபோது மகிழ்ந்தோம். ஆண்டுக்கு 44 லட்சம் பயணிகளைக் கையாளும் வகையில் கட்டப்பட்ட புதிய முனையம் 2024 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டு, ஜூன் மாதம் செயல்பாட்டுக்கு வந்தது. கோபுரமும் கோலமுமாக அதைப் பார்க்கையில் எங்களுக்கும் பெருமைதான். ஆனால் பழைய முனையம் சாலையை ஒட்டி இருந்தது. புதியது வெகுவாக உள்ளே தள்ளி இருக்கிறது. கார் வைத்திருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பேருந்தை நம்பி வருபவர்தான் பெட்டியை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலை வரை நடக்க வேண்டும்.

3. எங்களை மிகவும் வருத்துவது இரவு நேரம்தான். நள்ளிரவை ஒட்டியும் விடியலுக்கு முன்பும் வரும் விமானங்களில் எங்கள் ஊர்க்காரர்கள்தான் நிறைய வருகிறார்கள். குடியுரிமைச் சோதனை, சுங்கம் எல்லாம் முடிந்து அவர்கள் வெளியே வரும்போது பேருந்து நடமாட்டமே குறைந்திருக்கும். வருகிற ஒன்றிரண்டும் நிற்பதில்லை.

சிங்கப்பூரில் வீட்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய என் அக்காவை அழைக்க அம்மாவுடன் வந்திருந்தேன். அக்கா வெளியே வந்தபோது நடுநிசி தாண்டிவிட்டது. நைலான் கயிறு போட்டுக் கட்டி, பெயரும் ஊரும் பெரிய எழுத்தில் எழுதிய அட்டைப்பெட்டி ஒன்று, சக்கரம் உடைந்த சூட்கேஸ் ஒன்று. இரண்டையும் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்து சேர்ந்தோம். நாங்கள் நின்ற இடத்தில் விளக்கு இல்லை. தூரத்தில் பேருந்து வெளிச்சம் தெரிந்ததும் அக்கா கையை நீட்டியபடி சாலையோரம் வந்து நிற்பாள். ஓட்டுநர் சற்று வலப்பக்கம் ஒடித்து, வேகம் குறைக்காமல் போய்விடுவார். ஒரு பேருந்து மட்டும் வெகுதூரம் தள்ளி வேகம் குறைத்தது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் ஓடினேன். பின்படியில் நின்ற நடத்துநர் "இங்கே ஸ்டாப் இல்லை" என்று சொல்லி விசில் கொடுத்தார்.

அம்மா சர்க்கரை நோயாளி ஐயா. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டிய உடம்பு. மறைவாக ஒரு சுவர் இல்லை, கழிப்பறை இல்லை, திரும்பி முனையம் வரை நடக்க அவருக்குக் கால் இல்லை. எதிரும் புதிருமாக லாரி வெளிச்சம் விழுந்துகொண்டே இருக்கிறது. அக்கா தன் புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்து மறைக்க, எழுபது வயதை நெருங்கும் என் தாய் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் உட்கார வேண்டியதாயிற்று. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். ஊர் வந்து சேரும்வரை அம்மா எங்கள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதை மனுவில் எழுதுவதா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் "பயணிகள் சிரமம்" என்ற இரண்டு சொல்லோடு இதுவும் கோப்பில் மூடப்பட்டுவிடும் என்பதால் எழுதுகிறேன். இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கையொப்பமிட்டுள்ள பெண்களைக் கேளுங்கள், ஆளுக்கொன்று சொல்வார்கள்.

4. பஞ்சப்பூர் பேருந்து முனையத்துக்குப் போய் ஏறிக்கொள்ளலாமே என்று வாய்மொழியாக எங்களுக்குச் சொல்லப்பட்டது. விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டைச் சாலையில். பஞ்சப்பூர் இருப்பது மதுரைச் சாலையில். வீட்டுக்குப் போகும் சாலையில் நிற்கிறவர்கள், நடுநிசியில் ஆட்டோவுக்குக் கேட்ட பணத்தைக் கொடுத்து எதிர்த்திசைக்குப் போய், பேருந்து ஏறி, மறுபடி ஊர் பக்கம் திரும்ப வேண்டுமா? வாடகைக் கார் எடுத்தால் அறந்தாங்கிக்கு ஆயிரக்கணக்கில் ஆகிறது. கடன் வாங்கிப் போனவர்கள் ஐயா இவர்கள். அந்தக் கடனே அடைபடாத வீடுகள் எங்கள் ஊரில் எத்தனையோ இருக்கின்றன.

5. முடியாத காரியத்தை நாங்கள் கேட்கவில்லை. 2024 அக்டோபர் 11 அன்று 140க்கும் மேற்பட்டோருடன் சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் கோளாறு காரணமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானில் வட்டமிட்டபோது, தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் எவ்வளவு விரைவாக வந்து நின்றன என்பதை நாடே பார்த்தது. விமானம் பத்திரமாக இறங்கியது. அன்று உழைத்த ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அந்த விமானத்தில் இருந்தவர்களைப் போன்றவர்கள்தான் தினமும் இந்தச் சாலையோரம் இருட்டில் நிற்கிறார்கள். அன்று அந்த வேகம் இருந்தது. ஒரு பேருந்தை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லும் உத்தரவுக்கு ஏன் இத்தனை காலம்?

6. விபத்து நடந்தால்தான் செய்வார்களா? ஓடும் பேருந்தைப் பிடிக்கப் பெட்டியோடு சாலையைக் குறுக்கே கடப்பவர்களைப் பார்த்தால் ஈரக்குலை நடுங்குகிறது.

7. எனவே, இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை திருச்சியிலிருந்து விமான நிலையம் வழியே புதுக்கோட்டை, அறந்தாங்கி பக்கம் செல்லும் அனைத்துப் பேருந்துகளும், அரசுப் பேருந்தானாலும் தனியார் பேருந்தானாலும், இங்கே கட்டாயம் நின்று செல்ல வேண்டும். பஞ்சப்பூரிலிருந்து வேறு வழியில் போகும் பேருந்துகளில் இரவு நேரத்தில் சிலவற்றையாவது இவ்வழியே திருப்பிவிட வேண்டும். நிறுத்தம் என்று எழுதிய பலகை ஒன்று, அதன்மேல் எரியும் விளக்கு ஒன்று, உட்கார நிழற்குடை. பெண்களுக்குக் கழிப்பறை, தண்ணீர் வசதியோடு, இரவில் பூட்டாமல். முனையத்திலிருந்து சாலை வரை இரவில் ஒரு சிற்றுந்து. இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய இயலாது என்பதை அறிவோம். அப்படியானால் கழிப்பறையும் பேருந்து நிறுத்தமும் முதலில்.

ஐயா, நிதி இல்லை, அது வேறு துறை, நெடுஞ்சாலை அவர்கள் பொறுப்பு, உள்ளே இவர்கள் பொறுப்பு என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். எந்தத் துறையின் எல்லை எங்கே முடிகிறது என்று இருட்டில் நிற்கிற என் தாய்க்கு எப்படித் தெரியும்? எல்லாத் துறைகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது என்பதால்தான் இங்கே வந்திருக்கிறோம்.

தயவுகூர்ந்து இந்த மனுவையும் மற்றொரு அலுவலகத்துக்கு அனுப்பிவைத்து முடித்துவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். நள்ளிரவு விமானம் இறங்கும் வேளையில் அந்த இடத்தை ஆய்வு செய்ய ஓர் அலுவலரை அனுப்புங்கள். எங்களுக்கும் தகவல் கொடுத்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் நேரில் வந்து விவரம் சொல்வார்கள். பேருந்து நிற்க உத்தரவிடுங்கள் ஐயா. கழிப்பறை கட்டித் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அறந்தாங்கி வட்டார கிராம மக்கள் சார்பாக.

இணைப்பு: முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள், கையொப்பத் தாள்கள், இரவில் எடுத்த புகைப்படங்கள்.