கீழக்கரைக் கடைத்தெருவில் பழைய கடை வாங்கியிருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கடை முகப்பை அடைக்கும் மரப் பலகைகளைக் கழற்றிவிட்டு ஷட்டர் போட அளவெடுத்தாயிற்று என்று கேள்விப்பட்டேன். ஒரு மாதம் பொறுங்கள். இந்தக் கடை எப்போது கட்டியது, இதில் என்ன வியாபாரம் நடந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அந்த முகப்பும் கூரையும்தான். கொத்தனார் கை வைத்துவிட்டால் படிக்க ஒன்றும் இருக்காது.

முதலில் நெற்றிச் சுவர். சுதையில் ‘பிரபவ’ என்று மட்டும் இருக்கிறது. தமிழ் ஆண்டுப் பெயர் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். பிரபவ 1867லும் வந்தது, 1927லும் வந்தது, 1987லும் வந்தது. எது உங்களுடையது? பின்கட்டில் ஒரு சீமை ஓட்டை உருவி அடிப்பக்கம் பாருங்கள், தொழிற்சாலைப் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865ல்தான். ஆனால் ஓட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதனால் அதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். வாசலுக்கு மேலே சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் இரும்பு கர்டரைச் சுரண்டிப் பாருங்கள். ‘டார்மன் லாங்’ என்ற எழுத்து தெரிந்தால் 1867 கழிந்துவிட்டது, அந்த இங்கிலாந்து இரும்புக் கம்பெனியே 1870களில் பிறந்ததுதான். சுவரை உடைக்காமல் கர்டரைப் பிறகு நுழைக்க முடியாது. அதனால் ஓட்டைவிட அதன் சாட்சி கனமானது. சுதைக்கு மேல் அடித்த வெள்ளைக்கு அடியில் ஹிஜ்ரி என்கிற இஸ்லாமிய ஆண்டு இருந்தாலும் இருக்கும். அதை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். 1346 என்று இருந்தால் 1927 வரும்.

வியாபாரத்தைப் படிக்க உத்தரத்தை அண்ணாந்து பாருங்கள். கல்லாப் பெட்டி இருக்கும் பெட்டியடிக்கு எதிரே கனத்த கொக்கி தொங்கினால், அது தராசு மாட்டிய இடம். பின்னால் சன்னல் இல்லாத நீள அறை, சரக்கு அடுக்கும் கிட்டங்கி. வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போன சங்கும், பர்மாவிலிருந்து வந்த அரிசியும் இந்தக் கரையின் கிட்டங்கிகளில் அடுக்கப்பட்ட சரக்குகள். உத்தரம் பர்மா தேக்கு என்று ஆசாரி உறுதியாகச் சொன்னால், 1942க்கு முந்தியதாக இருக்கலாம். அந்த வருஷம் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து தடைபட்டது. கொழும்பு வியாபாரத்துக்கு 1914ல் திறந்த பாம்பன் பாலமும் தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக்குப் போன கப்பலும் வழி விட்டன, 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனது. மீதியைத் தாய்ப்பத்திரத்தின் நான்கு எல்லையில் தேடுங்கள். ‘இன்னார் சங்குக் கிட்டங்கிக்குக் கிழக்கு’ என்கிற மாதிரி ஒரு வரி கிடைத்தால், பக்கத்துக் கடையின் தொழிலும் தெரிந்துவிடும். கையில் பத்திரம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய புத்தகங்களில் தேடச் சொல்லி மனு கொடுங்கள்.

இனி சுவர். இது முருகைக்கல், அதாவது கடலிலிருந்து எடுத்த பவளக்கல். சின்னச் சின்னத் துளைகள் நிறைந்த கல், ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். இதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும், உப்பு பூத்து இரண்டு மூன்று மழைக்குள் கல்லோடு சேர்த்துப் பூச்சு உதிரும். இந்தத் தெருவில் பாதிச் சுவர்கள் அப்படித்தான் கெட்டன. இதில் இன்னொரு காரணமும் உண்டு. ரோடு உயர உயரக் கடைத் தளம் பள்ளமாகிவிட்டது, ஐப்பசி கார்த்திகைத் தண்ணீர் அடிச்சுவரிலேயே நிற்கிறது. முதலில் அந்தத் தண்ணீர் ஓட வழி செய்யுங்கள், அப்புறம்தான் பூச்சு.

பூத்த உப்பைக் கழுவாதீர்கள், கரைந்து உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தட்டி முறத்தில் வாரிக் கொட்டுங்கள். சுண்ணாம்பை நீற்றி, மேலே தண்ணீர் நிற்க, குறைந்தது 15 நாள் வையுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பை நாமே கொண்டுவந்து வைத்த மாதிரி ஆகும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் பூசினால் வேகமாகக் காய்ந்து மயிரிழை விரிசல் விடும், அப்போது செய்தே ஆகவேண்டுமென்றால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் காயாமல் பாருங்கள். விழுந்த கல்லைத் தூக்கிப் போடாதீர்கள். 2001 முதல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புதுக்கல் எடுப்பது குற்றம். குறைகிற இடத்துக்குச் செங்கல் போதும்.

ஷட்டர் வேண்டுமென்றால் பலகைக்கு உட்பக்கமாகத் தனிச் சட்டத்தில் நிறுத்துங்கள், சுவரில் போல்ட் அடிக்க வேண்டாம். முருகைக்கல் போல்ட்டைப் பிடிக்காது, உப்புக் காற்றில் துருவேறிப் பருக்கும் இரும்பு கல்லைப் பிளக்கும். பலகைகளைக் கழற்றுவதற்கு முன் இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு என்று சாக்பீஸால் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு மட்டும் இழைத்தது, வரிசை மாறினால் கடைசிப் பலகை சட்டத்தின் காடிப் பள்ளத்துக்குள் இறங்காது.

அன்புடன்,
அதே கடைத்தெருக்காரன்