கோடியிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே வாசற்படி தெரியாத அளவுக்குப் பனி. ஊர்ப் பெயர்தான் கோடி, இருப்பது பத்தாயிரம் பேர். அமெரிக்காவின் வயோமிங் மாநிலம். குதிரை வித்தைக் கூட்டம் நடத்திப் பேர் வாங்கிய பஃபலோ பில் கோடியின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் போனில் "துப்பாக்கிக் கடையில் உனக்கு என்னடா வேலை?" என்று கேட்டீர்கள். அப்புறம் நீங்கள் பேசவே இல்லை, அம்மாதான் பேச்சை மாற்றினாள். நான் செய்வது பித்தளை வேலை, அப்பா.

1876இல் வின்செஸ்டர் என்ற துப்பாக்கிக் கம்பெனி ஒரு துப்பாக்கி கொண்டுவந்தது. விசைக்கு அடியில் வளையம் மாதிரி ஒரு லீவர். அதை முன்னே தள்ளி இழுத்தால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு, அதாவது குப்பி, வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே போகும். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் கனடாவின் குதிரைப் போலீசும் வைத்திருந்தார்கள். மொத்தமே ஏறக்குறைய 64,000தான் செய்தார்களாம். இப்போது இத்தாலியில் உபெர்ட்டி கம்பெனி அதே மாதிரியில் புதிதாகச் செய்கிறது. பழசோ புதுசோ, சுட ஆசைப்படுகிறவர்களுக்குத் தோட்டாதான் பிரச்சினை. அதன் பெயர் 45-75. அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு விட்டம், 75 கிரெயின் கரும்பொடி வெடிமருந்து, அதாவது ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவு. சாதாரணக் கடைகளில் கிடைக்காது. அதனால் வேறு குப்பியை இதுவாக மாற்றுகிறோம்.

எடுத்துக்கொள்வது 348 வின்செஸ்டர் என்ற தோட்டாவின் குப்பி, 1936இல் வந்தது. அடிப்பாகம் கிட்டத்தட்ட ஒரே அளவு. நீளம் 57 மில்லிமீட்டர், அதை 48 ஆக வெட்ட வேண்டும். 8.8 மில்லிமீட்டர் குண்டுக்கான கழுத்தை 11.6 மில்லிமீட்டர் குண்டைப் பிடிக்கும்படி விரிக்க வேண்டும். ஒரே மூச்சில் விரித்தால் கிழியும். லானோலின் தடவி, ஒன்றைவிட ஒன்று பருத்த கூம்புகளைப் படிப்படியாகச் செலுத்துகிறேன். லானோலின் ஆட்டு ரோமத்துக் கொழுப்பு. நாற்றம் கையை விட்டுப் போவதில்லை. அதுவும் கொஞ்சம் கூடிவிட்டால் வடிவம் கொடுக்கும் அச்சான டைக்குள் தேங்கிக் குப்பியில் பள்ளம் விழுந்துவிடும்.

விரிப்பதற்கு முன் கழுத்தைச் சூடு காட்டி இளக்க வேண்டும். இந்தப் பித்தளையில் செம்பு எழுபது, துத்தநாகம் முப்பது. அடி வாங்க வாங்க விறைக்கும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அடிப்பாகம் இளகவே கூடாது, வெடியின் அழுத்தம் முழுவதையும் அதுதான் தாங்குகிறது. தட்டில் தண்ணீர் விட்டு, குப்பிகளைப் பாதி முங்க நிற்க வைத்து, கழுத்தில் மட்டும் டார்ச் தீயைக் காட்டி, சூடேறியதும் தண்ணீரில் தள்ளிவிடுகிறேன். எஃகென்றால் விறைத்திருக்கும், பித்தளை விறைக்காது. சூடு கீழே இறங்காமல் நிற்கும், அவ்வளவுதான்.

இதில் ஒரு கூத்து. முதல் வாரம் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து செய்தேன். வெளியே பனி வெளிச்சத்தில் கண் கூசியது. கழுத்து சிவந்ததே தெரியவில்லை, இன்னும் காட்டுவோம் என்று காட்டினேன். பன்னிரண்டு குப்பி வாழைத்தண்டு மாதிரி ஆகிவிட்டது. விரலால் அமுக்கினால் நசுங்குகிறது. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் பழைய பித்தளை டப்பாவில் போட்டார். அன்று ராத்திரிதான் நம் பட்டறை ஜன்னலில் நீங்கள் சாக்கு தொங்கவிட்டது நினைவுக்கு வந்தது. வெயிலுக்காக என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மறுநாள் நானும் ஒரு கம்பளியை ஆணியடித்து மாட்டினேன்.

கடைக்காரர் ஒரு கதை சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக் குப்பிகள் தாமாகவே வெடிப்பு விட்டனவாம். லாயத்தில் வைத்திருந்தார்கள், குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921இல்தான் விளங்கியது. அடித்து இழுத்த பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்குமாம், அங்கேதான் அம்மோனியா ஏறும். அதனால் கடையில் அம்மோனியா கலந்த கிளீனரே கிடையாது.

கடைசி வடிவம் என் கையில் வருவதில்லை. லேசாக வெடிமருந்து போட்டுச் சுட்டால் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே குப்பி உப்பிப் பொருந்திக்கொள்ளும். ஒவ்வொரு துப்பாக்கி அறையும் ஒரு மயிரிழை வேறு, அதனால் டப்பா மேல் துப்பாக்கியின் நம்பரை எழுதி வைக்கிறோம்.

பயப்படாதீர்கள். கிரீன் கார்டு வரும்வரை ஒன்றையும் தொடவில்லை. விசாவில் இருக்கிறவர் பொதுவாகக் காலிக் குப்பி வைத்திருப்பதுகூடத் தப்பு. சட்டத்தில் குப்பியும் தோட்டாக் கணக்குதான்.

ஒன்று கேட்க வேண்டும். தகடு எந்த நிறம் வந்ததும் இடுக்கியால் எடுப்பீர்கள்? நீங்கள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. போனில் வேண்டாம். தம்பியை உட்கார வைத்து, நீங்கள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்