புதிய பயிற்சியாளர்கள் வரட்டும், இருக்கும் பெண்களைக் கைவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மகளிர் கூடைப்பந்து அணி ஒன்றின் பயிற்சிப் பொறுப்பு முழுவதும் புதியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாக உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். தலைமைப் பயிற்சியாளர், இரண்டு துணைப் பயிற்சியாளர்கள், உடற்தகுதிப் பயிற்சியாளர் என எல்லோருமே ஒரே நேரத்தில் பொறுப்பேற்கிறார்கள். அவர்கள் எந்த அணிக்கு ஆடினார்கள், என்னென்ன கோப்பைகள் வென்றார்கள், நிர்வாகம் அவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறது என்றெல்லாம் விரிவாக எழுதியிருந்தீர்கள். அந்த அணியில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பெண்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் கல்லூரி அணியில் பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவளாக, ஆடியவள். இப்போது கல்லூரிப் போட்டிகளில் மேசை அலுவலராக அமர்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுகிறேன். எங்கள் இறுதியாண்டில் இதேபோலப் பயிற்சியாளர்கள் அனைவரும் ஒட்டுமொத்தமாக மாறினார்கள். புதிதாக வந்த தலைமைப் பயிற்சியாளர் திறமைசாலி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதிரணி டைம் அவுட் முடித்து வந்து என்ன செய்யப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். பெரும்பாலும் அப்படியே நடக்கும். ஆனால் முதல் கூட்டத்திலேயே அவர் எங்களிடம் சொன்னது இதுதான்: “நான் தேர்ந்தெடுக்கும் அணி அடுத்த ஆண்டுதான் வரும். அதுவரை இருப்பவர்களை வைத்து ஓட்டுவோம்.” மூன்றாண்டுகளாக விடியற்காலையில் எழுந்து பயிற்சிக்கு வந்த பெண்களின் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

எங்கள் அணியின் சென்டர், அதாவது வளையத்துக்கு அருகே ஆடுபவள், நல்ல உயரம், வேகம் குறைவு. அதுவரை நாங்கள் ஆடியது 2-3 ஜோன் தடுப்பாட்டம், அதாவது முன்னால் இருவரும் பின்னால் மூவரும் நின்று ஆளுக்கொரு பகுதியைக் காப்பது. வளையத்துக்குக் கீழே இடம் பிடித்து நின்று ரீபவுண்டுகளை, அதாவது வளையத்துக்குள் விழாமல் திரும்பி வரும் பந்துகளை, அள்ளுவது அவள் வேலை. புதியவர் வந்ததும் ஃபுல் கோர்ட் பிரஸ் ஆரம்பமானது. 28 மீட்டர் நீள ஆடுகளத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை எதிரணியை விடாமல் நெருக்கும் ஆட்டம் அது. ஆட்டமுறையை மாற்றியதைக் குறை சொல்ல மாட்டேன், அது பயிற்சியாளரின் உரிமை. முன்வரிசையில் ஓடித் துரத்த அவளால் முடியவில்லை என்பதும் உண்மை. ஆனால் முன்னிருந்து பின்னாக 1-2-1-1 என்று நிற்கும் பிரஸ்ஸில் கடைசி ஆளாகப் பின்னால் நின்று வளையத்தைக் காக்க உயரமான ஒருத்தி வேண்டும். அந்த இடம் அவளுக்கென்றே இருந்தது. அவளை அழைத்து உட்காரவைத்து, “உன்னால் இதில் எங்கே நிற்க முடியும்?” என்று கேட்கத்தான் ஆளில்லை.

ஸ்கோர் ஷீட்டில் ஒரு வீராங்கனை முதன்முறை களத்தில் இறங்கும்போது அவள் பெயருக்கு நேரே சிறியதாக ஒரு பெருக்கல் குறி போடுவோம். தொடக்க ஐவராக இறங்கியவர்கள் என்றால் அதைச் சுற்றி ஒரு வட்டம். அந்தப் பருவத்தில் அவள் பெயருக்கு நேரே முதலில் வட்டம் போனது, பிறகு குறியும் போனது. இறுதியாண்டின் கடைசிப் போட்டியில் சீருடை அணிந்து, காலணிக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நாற்பது நிமிடமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்று பயிற்சியாளர்கள் மாறிய அணிகளின் ஷீட்டை எழுதும்போதெல்லாம் மூத்த மாணவிகளின் பெயர்களுக்கு நேரேதான் என் கண் முதலில் போகிறது. குறி விழாத பெயர்கள் இப்போதும் இருக்கின்றன.

“புதியவர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்தால்தான் வெற்றி வரும்” என்று வாதிடுபவர்கள் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் கிம் மல்கியை எடுத்துக்காட்டுவார்கள். 2021-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக மகளிர் அணிக்குப் பொறுப்பேற்றார். 2023-இல் தேசியக் கோப்பையை வென்றுவிட்டார். வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்த வீராங்கனைகள் அந்தக் கோப்பைக்குப் பெரிய காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இடையில் ஒரு பருவம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் அந்த அணி 9 போட்டிகளில் வென்று 13-இல் தோற்றிருந்தது. அவர் வந்த முதல் பருவத்தில் 26 வெற்றி, 6 தோல்வி. அந்தப் பருவத்தில் அணிக்கு அதிகப் புள்ளிகள் குவித்தவர் கேலா பாயின்டர். முந்தைய பயிற்சியாளர் நிக்கி ஃபார்காஸ் சேர்த்த இறுதியாண்டு வீராங்கனை அவர். தோற்றுக்கொண்டிருந்த அணியின் பழைய மாணவிகளைத் தன் மாணவிகளாக ஏற்றுக்கொண்டு ஆடவைத்தார் மல்கி. கோப்பைக்கு முன்னால் நடந்தது இது. புதிய பயிற்சிக் குழு படிக்க வேண்டிய பருவம் 2023 அல்ல, அதற்கு முந்தையது.

வெற்றி தோல்வியைவிட என்னை அதிகம் கவலைப்படவைக்கும் விஷயம் முழங்கால். கூடைப்பந்தில் ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். அதிலும் பெரும்பாலான காயங்கள் யாரும் வந்து மோதாமலேயே நேர்பவை. குதித்துத் தரையிறங்கும்போதோ, ஓடிவந்து சட்டென்று நின்று திரும்பும்போதோ முழங்கால் உள்பக்கம் மடங்கிக் கிழிந்துவிடும். அறுவைச் சிகிச்சை செய்தால் மீண்டும் களமிறங்க ஒன்பது மாதமாவது ஆகும். கல்லூரி வீராங்கனைக்கு அது ஒரு முழுப் பருவம். எவளுடைய முழங்கால் ஏற்கெனவே ஒருமுறை வீங்கியது, எவள் கணுக்கால் சுளுக்கை மறைத்துக்கொண்டு ஆடுகிறாள், எவளுக்கு ரத்தசோகை இருக்கிறது என்பதெல்லாம் பழைய பயிற்சியாளர்களின் தலைக்குள் இருக்கும். அவர்கள் போகும்போது அதுவும் அவர்களோடு போய்விடுகிறது. புதியவர்கள் தங்கள் கண்டிப்பைக் காட்ட முதல் வாரத்திலேயே ஓட்டத்தையும் குதிப்பையும் இரட்டிப்பாக்குகிறார்கள். விடுமுறையில் உடல் தளர்ந்து வந்த பெண்களுக்கு இதைவிட ஆபத்து வேறில்லை.

எங்களுக்கு வந்த குழுவில் ஒரு துணைப் பயிற்சியாளர் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மற்றவர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் எங்கள் பாதங்களைப் பார்ப்பார். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு மரப்பெட்டியின் மேல் எங்களை ஒவ்வொருவராக ஏற்றி, கீழே இறங்கி அப்படியே அசையாமல் நிற்கச் சொல்வார். தரையில் சத்தம் கேட்கக்கூடாது. இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு காலிலும் சமமாக எடை விழ, முழங்கால்கள் பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும். எதிரே குந்தி உட்கார்ந்து, முழங்கால் சற்றே உள்ளே சாய்ந்தாலும் “மறுபடியும்” என்பார். பந்தைத் தொடாமல் இதையே செய்துகொண்டிருந்தது அப்போது எங்களுக்குச் சலிப்பாக இருந்தது. இப்படிப்பட்ட பயிற்சிகள் முழங்கால் காயங்களைக் கணிசமாகக் குறைப்பதாக ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. இதற்குப் பெரிய செலவும் இல்லை. ஒரு பெட்டியும் பொறுமையான ஒரு ஆளும் போதும்.

அந்தத் துணைப் பயிற்சியாளர் ஒரு பெண் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். மாதவிடாய் நாளில் வலி என்று அவரிடம் சொல்ல முடிந்தது. எடை கூடிவிட்டது என்றால் தனியே அழைத்துப் பேசுவார், வரிசையில் நிற்கவைத்து உரக்கச் சொல்ல மாட்டார். அமெரிக்கக் கல்லூரிகளில் 1972-இல் மகளிர் அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பெண்களாக இருந்தார்கள். பணமும் புகழும் வந்த பிறகு அது பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆண்கள் பயிற்சி அளிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெண்கள் அணிக்கு வரும் பயிற்சிக் குழுவில் ஒரு பெண்கூட இல்லை என்றால், அந்தக் குழுவை நியமித்தவர்களிடம் உங்கள் நிருபர் ஏன் என்று கேட்க வேண்டாமா?

நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சியாளர்கள் மூத்த மாணவிகளை ஓரங்கட்டுவதற்கு அவர்கள் மட்டும் காரணமல்ல. “முதல் ஆண்டிலேயே கோப்பை வேண்டும்” என்று நியமனக் கடிதத்தோடு சேர்த்துச் சொல்லி அனுப்பினால், தோற்றதும் அவர்கள் சொல்லப்போகும் சாக்கு “இது நான் சேர்த்த அணி அல்ல” என்பதாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழக மகளிர் அணிக்கு 2008-இல் டான் ஸ்டேலி பயிற்சியாளராக வந்தபோது முதல் பருவத்தில் 10 வெற்றி, 18 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகம் அவரைத் துரத்தவில்லை. 2017-இல் முதல் தேசியக் கோப்பை, பிறகு 2022, 2024 என மேலும் இரண்டு. மூன்றாண்டுக் காலமாவது உறுதியாகக் கொடுங்கள். அவசரம் குறைந்தால் இருப்பவர்களைப் பார்க்கவும் கண் வரும்.

பயிற்சியாளருக்கு அடுத்த பருவம் உண்டு, அதற்கடுத்ததும் உண்டு. இறுதியாண்டுப் பெண்ணுக்கு இந்த ஒன்றுதான். ஆகவே புதிய பயிற்சிக் குழுவிடம் நான் கேட்பது அதிகமில்லை. முதல் பயிற்சிக்கு விசில் ஊதும் முன்பே, அணியில் இருக்கும் ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் தனியாகப் பேசுங்கள். என்ன ஆடினாள், எங்கே வலிக்கிறது, தேர்வு எப்போது, எந்த இடத்தில் ஆட ஆசை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய பயிற்சியாளர்களைத் தொலைபேசியில் அழைத்து, மாணவிகளின் சம்மதத்தோடு காயங்களின் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். யாருக்காவது ஆடும் வாய்ப்பு குறையும் என்றால் காரணத்தை நேரில் அவளிடம் சொல்லுங்கள். போட்டியன்று பெஞ்சில் உட்கார்ந்து அவளாகவே தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

உங்கள் நிருபர் அடுத்த முறை அந்தக் கல்லூரிக்குப் போகும்போது, தலைமைப் பயிற்சியாளரோடு அணித் தலைவியின் பேட்டியையும் எடுத்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்லூரி அணியின் முன்னாள் பாயின்ட் கார்டு