வட தாய்லாந்துக்குத் தொண்டர்களை அனுப்பும் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் விடுமுறைக் காலங்களில் இளைஞர்களைத் தொண்டுப் பணிக்காக வட தாய்லாந்துக்கு அனுப்பிவைக்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சியாங் ராய் மாகாணத்தில், மலைக்கிராமங்களிலிருந்து இறங்கிவந்து அரசுப் பள்ளியில் படிக்கும் ஆக்கா, லாஹு இனப் பிள்ளைகள் தங்கியிருக்கும் ஒரு சிறு விடுதியில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். வந்த புதிதில் பிள்ளைகள் என்னை அக்கா முறை சொல்லி அழைத்தார்கள். இப்போது ‘பா’ என்கிறார்கள், பெரியம்மா என்று பொருள். நான் விண்ணப்பிக்காமலே கிடைத்த பதவி உயர்வு அது. வருகிற டிசம்பரில் பன்னிரண்டு பேர் வந்து பத்து நாள் தங்கித் தொண்டு செய்ய விரும்புவதாக உங்களுள் ஓர் அமைப்பு அண்மையில் எழுதியிருந்தது. அன்பும் பணிவும் உள்ள கடிதம்தான். ஆனால் ஏறத்தாழ அதே சொற்களில் ஆண்டுதோறும் பல கடிதங்கள் வருவதால், ஒருவருக்கு மட்டும் மறுமொழி எழுதி அவரை வருந்தச் செய்வதைவிட, உங்கள் அனைவருக்கும் பொதுவாக எழுதுவதே முறை என்று எண்ணினேன்.

எங்கள் விடுதிக்குப் புதிதாக யார் வந்தாலும் பிள்ளைகள் முதலில் அவருடைய பெயரைக் கேட்பதில்லை. ‘கீ வன்?’ என்றுதான் கேட்பார்கள். எத்தனை நாள் என்று பொருள். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வந்தவர்களும் போனவர்களுமாகச் சேர்ந்து கற்றுக்கொடுத்த பாடம் இது. ஏழு வயது லாஹுச் சிறுமி ஒருத்தியைச் சில மாதங்கள் கவனித்து வந்தேன். மூன்று நாள் என்று சொன்னவரின் மடியில் உடனே ஏறி உட்கார்ந்துகொள்வாள், அவருடைய கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் மாட்டிக்கொள்வாள். ஒரு மாதம் என்று சொன்னவரிடம் சற்றுத் தள்ளியே நிற்பாள். ஓர் ஆண்டு தங்கப்போவதாகச் சொன்ன ஆசிரியை ஒருவரிடம் இரண்டு மாதம் வரை வாயே திறக்கவில்லை. அதன் பிறகு ஒரு நாள் மாலை, துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த அந்த ஆசிரியையின் அருகில் வந்து உட்கார்ந்து, தானும் ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். உங்கள் ஆண்டு மலர்களின் அட்டையில் மடியில் அமர்ந்து சிரிக்கும் குழந்தைகளின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்தச் சட்டைதான். மூன்று நாளில் கிடைக்கும் அன்பு, இழக்க எதுவும் இல்லை என்று தெரிந்த குழந்தை தாராளமாகக் கொடுக்கும் அன்பு. அதை நீங்கள் உங்கள் தொண்டின் வெற்றியாக எண்ணிக்கொண்டு ஊர் திரும்புகிறீர்கள்.

உங்கள் அறிவிப்புகளில் எங்கள் விடுதியைச் சில வேளைகளில் ‘அநாதை இல்லம்’ என்று குறிப்பிடுகிறீர்கள். அருள்கூர்ந்து அதை நிறுத்திவிடுங்கள். இங்கிருக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் பெற்றோர் உண்டு. ஊரில் தக்க பள்ளி இல்லை, மழைக்காலத்தில் பாதை சேறாகிவிடுகிறது, அன்றாடம் வந்துபோக முடியவில்லை. ஆகவே இங்கே தங்கிப் படிக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் அரிசி மூட்டையோடு மகனைப் பார்க்க வந்த தகப்பன் ஒருவர், மொழி புரியாத விருந்தினர்கள் தன்னையும் சேர்த்துப் பரிதாபத்தோடு பார்ப்பதைக் கண்டு, முற்றத்திலேயே மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து நாட்காட்டி. தாய்லாந்தில் பள்ளி ஆண்டு மே மாத நடுவில் தொடங்குகிறது. அக்டோபரில் ஓர் இடைவேளை. பிறகு நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை இரண்டாம் பருவம். உங்கள் இளைஞர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூரிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்கு விடுமுறை ஜூனிலும், நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும் வரையிலும். அதாவது, உங்களுக்கு ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். காலை எட்டு மணிக்குக் கொடியேற்றி நாட்டுப்பண் பாடி வகுப்புக்குள் போகும் பிள்ளை பிற்பகல் களைத்துத் திரும்பி வந்தால், அங்கே பலூன்களோடும் விளையாட்டுத் திட்டத்தோடும் பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள். இரவில் நன்றி நிகழ்ச்சி. மரபுடை அணிந்து ஆட வேண்டும். வீட்டுப்பாடம் யாருடைய திட்டத்திலும் இருப்பதில்லை. ஒரு டிசம்பரில் மட்டும் அடுத்தடுத்து நான்கு குழுக்களை ஏற்றுக்கொண்டோம். அந்தத் தவறு முழுவதும் எங்களுடையதே. நன்கொடை நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் ‘வாருங்கள்’ என்று எழுதியவள் நான்தான்.

பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை. அப்போது அவர்கள் தங்கள் ஊர்களுக்குப் போய்விடுகிறார்கள். காடும் அறுவடை முடிந்த வயலும் எரியும் புகை சூழ்ந்து எதிரே உள்ள மலை கண்ணுக்குத் தெரியாமல் போகும் காலமும் அதுதான். வயதானவர்கள் இருமிக்கொண்டே கதவைச் சாத்தி வைத்திருக்கும் அந்த மாதங்களில் வர விரும்புவதாக இதுவரை ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

நீங்கள் அனுப்பும் பயிற்சிக் குறிப்பேடுகளில் மலையின மக்களின் உடை, உணவு, திருவிழா எல்லாம் இருக்கின்றன. எங்களைச் சுற்றி வாழும் தாய்லாந்துக்காரர்களைப் பற்றி ஒரு பக்கம்கூட இல்லை. ஆனால் நாங்கள் இருப்பது அவர்களுடைய ஊரில். நம் போன்ற தெற்காசிய முகத்தாரை இங்கே ‘கேக்’ என்பார்கள். தின்னும் பண்டம் அல்ல. விருந்தாளி என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். பாங்காக்கின் சீலோம் சாலையில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கும் மக்கள் வழக்கில் ‘வாட் கேக்’ என்றே பெயர். அச்சொல்லில் சில நேரம் ஏளனமும் கலந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், நேர்ப்பொருளிலேயே அதை எடுத்துக்கொள்வது எனக்கு நல்லதாகப் படுகிறது. விருந்தாளி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை அல்லவா?

எங்கள் வேலிக்கு அப்பால் ஒரு பாட்டி குடியிருக்கிறார். நான் வந்த முதல் ஆண்டில் ஒரு குழு இரவு பதினொன்றரை வரை ஒலிபெருக்கி வைத்துப் பாடி ஆடியது. மறுநாள் காலை பாட்டி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, ‘உங்கள் விருந்தினர்கள் இரவு நன்றாகத் தூங்கினார்களா?’ என்று புன்னகையோடு கேட்டார். ‘மிகவும் நன்றாகத் தூங்கினார்கள் பாட்டி’ என்று நானும் மகிழ்ச்சியோடு சொல்லி, பழத்தை வாங்கிக்கொண்டேன். அடுத்த குழு வந்தபோதும் பழம் வந்தது, கேள்வியும் வந்தது. எவ்வளவு நல்ல மனம் என்று ஊருக்குக் கடிதம்கூட எழுதினேன். அது முறையீடு என்பது எனக்கு விளங்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இங்கே ‘கிரெங் ஜாய்’ என்று ஒரு சொல் உண்டு. பிறர் மனம் சங்கடப்படக் கூடாதே என்று தன் தேவையை அடக்கிக்கொள்வதைக் குறிக்கும். நம் ஊரில் ‘எப்படிச் சொல்வது’ என்று தயங்கி விழுங்கிவிடுகிறோமே, ஏறக்குறைய அது. பத்து நாளில் வந்துபோகிறவருக்கு வாழைப்பழம் வாழைப்பழமாகவே இருந்துவிடும். அதற்குள் இருக்கும் செய்தியைப் படிக்க ஆண்டுகள் வேண்டும், மொழியும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் வந்துதான் இங்கே ஈகையைத் தொடங்கிவைத்தோம் என்ற எண்ணம் நம்மிடம் மெல்லியதாக இருக்கிறது. ஏதேனும் நல்ல காரியத்துக்குக் கொடுப்பதை இம்மக்கள் ‘தம் புன்’ என்பார்கள். அந்தப் ‘புன்’ பாலி மொழி வழியாக வந்த, நாம் புண்ணியம் என்று சொல்லும் அதே சொல். ‘காட்டுத் துணி’ என்று பொருள்படும் பெயர் கொண்ட ஒரு சடங்கு இருக்கிறது. துறவிகளுக்கு ஆடை வழங்கும் பழைய வழக்கமாகத் தொடங்கிய அது, இன்று பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பொதுப்பணம் திரட்டும் வழியாகவும் ஆகியிருக்கிறது. மூங்கில் குச்சியின் நுனியைப் பிளந்து அதில் இருபது பாட், நூறு பாட் பணத்தாள்களைச் செருகி, வாழைத்தண்டிலோ வைக்கோல் கட்டிலோ குத்திக் குத்தி ஒரு மரம் போல ஆக்குவார்கள். மேளத்தோடு ஆடிக்கொண்டே அம்மரத்தைத் தூக்கிச் செல்வார்கள். எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் நூலகக் கூரை அப்படி வந்த பணத்தில் போடப்பட்டது. வேலிக்கு அப்பால் இருக்கும் பாட்டியின் இருபது பாட் தாளும் அதில் இருக்கிறது. குளிர்காலம் வந்தால் பாங்காக்கிலிருந்தே வண்டி வண்டியாகப் போர்வை வருகிறது. நீங்களும் போர்வை கொண்டுவருகிறீர்கள். எங்கள் பரணில் எலிகள் அரசர்களைப் போல வாழ்கின்றன.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசா இல்லாமல் நுழைய இந்நாடு அளிக்கும் சலுகை முதன்மையாகச் சுற்றுலாவுக்கு உரியது. ஊதியம் வாங்காத தொண்டுக்கும் இங்கே வேலை அனுமதி கேட்பார்கள். அனுமதியின்றி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும் நாடுகடத்தலும் உண்டு. அவரை வேலைக்கு வைத்தவருக்கோ ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரை அபராதம். உங்கள் இளைஞர் விமானம் ஏறிவிடுவார்; இங்கேயே இருந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் எங்கள் விடுதித் தலைவர். ‘சுற்றிப் பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொள்கிறோம்’ என்று எழுதுவதை இனி விட்டுவிடுங்கள். அப்படிப்பட்ட கடிதம் எங்கள் கோப்பில் இருப்பதே எங்களுக்கு ஆபத்து.

இப்போது, உண்மையில் எங்களுக்கு என்ன தேவை என்பதற்கு வருகிறேன். இங்குள்ள பிள்ளைகளில் சிலருக்கு எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லை. மலையில் வீட்டிலேயே பிறந்து, பிறப்புப் பதிவு இல்லாமல் வளர்ந்தவர்கள். அவர்கள் பள்ளியில் படிக்கலாம். ஆனால் மாகாண எல்லையைத் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். 2018 ஜூன் 23 அன்று இதே சியாங் ராயில் தாம் லுவாங் குகைக்குள் பன்னிரண்டு சிறுவர்களும் பயிற்சியாளரும் சிக்கிக்கொண்டதை உலகமே பார்த்தது. அவர்களில் மூன்று சிறுவர்களும் அந்தப் பயிற்சியாளரும் குடியுரிமை இல்லாதவர்கள் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. மீட்கப்பட்ட அடுத்த மாதமே, ஆகஸ்ட் 8 அன்று, நால்வருக்கும் குடியுரிமை வழங்கப்பட்டது. எங்கள் மாணவன் ஒருவனுடைய விண்ணப்பம் நான்கு ஆண்டு நகராமல் கிடந்தது. தகப்பன் பெயர் ஒரு தாளில் ஓர் உயிர்க்குறியோடும் மற்றொரு தாளில் வேறோர் உயிர்க்குறியோடும் எழுதப்பட்டிருந்ததே காரணம். இருவரும் ஒருவரே என்று ஊர்த்தலைவரும், பிரசவம் பார்த்த கிழவியும் வட்டார அலுவலகத்துக்கு நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. கிழவிக்கு லாஹு மொழி மட்டுமே தெரியும். அவரை வண்டியில் ஏற்றி வந்து, காத்திருந்து, மொழிபெயர்த்து, ‘இன்று அதிகாரி விடுப்பு’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்பி, மறுபடியும் போனவர் எங்களோடு வேலை செய்யும் ஒரு லாஹு இளம்பெண். பட்டதாரி. அவருக்கு நாங்கள் கொடுக்கும் சம்பளத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2024 அக்டோபரில், இந்நாட்டில் நெடுங்காலமாக வாழும் ஏறத்தாழ 4,83,000 பேருக்கு நிரந்தரக் குடியிருப்பையும், இங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்குக் குடியுரிமையையும் விரைவாக வழங்க வழிசெய்யும் முடிவைத் தாய்லாந்து அமைச்சரவை எடுத்தது. நல்ல முடிவு. ஆனால் விண்ணப்பம் தானாக எழுதிக்கொள்ளாது. தாய்லாந்து மொழியில் எழுதவும், மலைமொழியில் பேசவும், அலுவலகத்தில் அரை நாள் பொறுமையாக உட்காரவும் தெரிந்த ஆள் வேண்டும். உங்கள் இளைஞர்களால் அது முடியாது. ஒன்பது ஆண்டுக்குப் பிறகும் என்னாலேயே முடியவில்லை. என் எழுத்தைப் பார்த்து எங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பன்னிரண்டு பேர் வந்துபோகும் விமானக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் கூட்டிப் பார்த்தேன். அந்த இளம்பெண்ணைப் போல இன்னொருவருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுக்க அது தாராளமாகப் போதும்.

ஆகவே, டிசம்பர் குழுவுக்கு எங்கள் பதில் இதுதான்: வர வேண்டாம். அதற்கென ஒதுக்கிய பணத்தை அனுப்ப மனம் இருந்தால், அது எந்த வேலைக்கு, யாருடைய சம்பளத்துக்குப் போகிறது என்பதை மாதந்தோறும் கணக்காக எழுதி அனுப்புகிறேன். படம் அனுப்ப மாட்டேன். ஆள்தான் அனுப்ப வேண்டும் என்றால் ஒரே ஒருவரை அனுப்புங்கள். குறைந்தது ஓராண்டு தங்கக்கூடியவர், வருவதற்கு முன் ஆறு மாதமாவது தாய்லாந்து மொழி படித்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளோடு பழகுவது அவருடைய முதல் ஆறு மாத வேலையில் இருக்காது. கணக்குப் புத்தகம், அரிசிக் கொள்முதல், ஒழுகும் குழாய் ஆகியவையே இருக்கும். மே நடுவில் பள்ளி திறக்கிறது. விசாவுக்கும் வேலை அனுமதிக்கும் தாள்கள் தயாரிக்க எங்களுக்கு நாள் பிடிக்கும் என்பதால், அவருடைய சான்றிதழ்களைப் பிப்ரவரிக்குள் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
சியாங் ராயிலிருந்து, பிள்ளைகள் ‘பா’ என்று அழைக்கும் ஒரு விடுதிப் பணியாளர்