எலக்ட்ரிக்கலுக்கு நாலே வரிதானா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்படிப்பு வழிகாட்டியில் கணினிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டு, மின் பொறியியலுக்கு ‘மின் நிலையங்கள், ஆலைகளில் வேலை கிடைக்கும்’ என்று நாலே வரியில் முடித்துவிட்டீர்கள். பதினைந்து வருடமாகத் துணைமின் நிலையங்களில் ரிலே (பழுதைக் கண்டு லைனைத் துண்டிக்கச் சொல்லும் காவல் கருவி) சோதிக்கிறவன் என்பதால் எழுதுகிறேன். (இன்னமும் எங்கே போனாலும் ‘ஃபேன் சத்தம் போடுது, கொஞ்சம் பாருங்களேன்’ என்பார்கள். பார்ப்பேன், பாதி நேரம் சரியாகாது.)

முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் கணக்குதான், பலர் மனம் விட்டுப்போவதும் அங்கேதான். மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று நானும் முணுமுணுத்திருக்கிறேன். ஆனால் ஒரு லைனில் பழுது எவ்வளவு தூரத்தில் என்பதை டிஸ்டன்ஸ் ரிலே எப்படிக் கண்டுபிடிக்கிறது தெரியுமா, வோல்டேஜைக் கரண்டால் வகுத்துத்தான்! அந்த இரண்டும் கலப்பெண்கள், அதாவது அதே மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் கலந்த எண்கள். அவற்றை வைத்து மாறுதிசை மின்சாரக் கணக்கை எளிதாக்கலாம் என்று மின் பொறியாளர் ஸ்டைன்மெட்ஸ் 1893இல் சொன்னது இன்றைக்கும் என் சாப்பாட்டுக்கு வழி.

அப்புறம் லேப். லைனில் ஓடும் பெரிய கரண்டை ரிலேக்கு ஏற்றபடி சிறிதாக்கித் தருவது கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்; அதன் பிரைமரி லைன் பக்கம், செகண்டரி ரிலே பக்கம். ‘கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை ஏன் திறந்து விடக்கூடாது?’ என்ற இரண்டு மார்க் கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதியவன்தான் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் லோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு பேனலில், ஷார்ட் லிங்க் (செகண்டரி முனைகளை ஒன்றோடொன்று இணைக்கும் துண்டு) போடாமல் ஒரு ஒயரைக் கழற்றப் போனேன். ஸ்க்ரூ அரைச்சுற்று தளர்ந்ததும் உர்ரென்று ஒரு சத்தம், டெர்மினலில் நீலமாய் ஒரு பொறி, அடுத்த நொடி பின்னால் நின்ற மூத்தவர் காலரைப் பிடித்து என்னை இழுத்திருந்தார். பிரைமரியில் ஓடும் கரண்ட் நமக்காக நிற்காது, செகண்டரியில் அதை ஈடுகட்ட எதுவும் இல்லையென்றால் மொத்தமும் இரும்பைக் காந்தமாக்கப் போய்விடும், முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். இதெல்லாம் எனக்குத் தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை.

வேலை வாய்ப்பு என்று பார்த்தால் சிப் வடிவமைப்பு, ரயில் எஞ்சின், மின்சார வாகனம், ஆட்டோமேஷன் என்று போய்க்கொண்டே இருக்கும். எனக்குப் பெரிதாகப் படுவது சோலார் வந்தபின் கிரிட்டில், அதாவது மின் நிலையங்களை இணைக்கும் வலையமைப்பில், நடக்கும் மாற்றம். அனல், புனல் நிலையங்களில் சுழலும் ராட்சத ரோட்டர்கள் திடீரென்று ஒரு நிலையம் விழுந்தாலும் அதிர்வெண்ணைச் சில நொடி தாங்கிப் பிடிக்கும். சோலார் பேனலில் சுழல்வது எதுவும் இல்லை. அந்த வேலையை, பேனலின் நேர்திசை மின்சாரத்தை மாறுதிசையாக்கும் இன்வெர்ட்டரைச் செய்யவைப்பது எப்படி என்பதில் மட்டும் ஒரு தலைமுறைக்கு வேலை இருக்கிறது.

சாஃப்ட்வேருக்குப் போவதையும் நான் குறை சொல்லமாட்டேன். 2003 ஆகஸ்ட் 14 அன்று வட அமெரிக்காவில் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனதே, லைன்கள் மரத்தில் உரசியது ஒரு காரணம், கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் முடங்கியது இன்னொன்று. இரண்டும் புரிகிற ஆள் அரிது.

கஷ்டம் இல்லையா என்றால், உண்டு. ஷட்டவுன் (வேலைக்காக லைனை நிறுத்திவைப்பது) பெரும்பாலும் ராத்திரியில்தான் கிடைக்கும், பண்டிகை நாளிலும் கூப்பிடுவார்கள், மென்பொருளுக்குப் போன என் வகுப்புக்காரர்கள் என்னைவிட நிறையச் சம்பாதிக்கிறார்கள்.

அடுத்த முறை வழிகாட்டி போடும்போது கல்லூரிக் கட்டடப் படத்துக்குப் பதில் ஒன்றை மட்டும் விசாரித்துப் போடுங்கள்: மெஷின்ஸ் லேபில் ஒரு மோட்டாரைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள், கனெக்ஷன் கொடுப்பது மாணவரா, லேப் உதவியாளரா?

இப்படிக்கு,
ரிலே சோதிக்கும் ஒரு வாசகன்