மூன்றாவது இழையையும் நிறுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிறிஸ்தவ ரொமான்டிக் சஸ்பென்ஸ் நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே தீர்ப்புதான் காதில் விழுகிறது. ஒன்று, "ஆபாசம் கிடையாது, வீட்டில் எல்லோரும் படிக்கலாம்." மற்றது, "கொலைக் கதைக்கு நடுவில் பிரசங்கம்." முதலாவது பாராட்டுப் போலத் தெரிந்தாலும் கதையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. இரண்டாவது சுமாரான புத்தகங்களுக்குப் பொருந்தும், நல்லவற்றுக்கு அநியாயம். தங்கள் நூல் மதிப்புரைப் பக்கத்தில் இந்த வகை இடம்பெறும்போது எந்தத் தராசில் நிறுக்கலாம் என்று சொல்லவே இக்கடிதம்.

இவை பெரும்பாலும் அமெரிக்கப் பதிப்பகங்களின் சரக்கு. ரெவெல், பெத்தனி ஹவுஸ், டின்டேல் போன்ற கிறிஸ்தவப் பதிப்பகங்களின் நாவல்கள் 90,000 சொற்களை ஒட்டி வரும். காதல் நாவல் பதிப்பகமான ஹார்லெக்வின் 2005-இல் தொடங்கிய 'லவ் இன்ஸ்பையர்டு சஸ்பென்ஸ்' வரிசையில் சுமார் 55,000. நிமிடத்துக்கு 150 சொல் என்று நிதானமாகப் படித்தால் பெரியதற்குப் பத்து மணி நேரம், சின்னதற்கு ஆறு. இந்த நீள வித்தியாசம் கதையின் போக்கையே மாற்றிவிடும். சின்னதில் முதல் பக்கத்திலேயே யாரோ கதவை உடைப்பார்கள். நாயகனும் நாயகியும் முன்பே பழகிப் பிரிந்தவர்களாக இருப்பார்கள், ஏனென்றால் அறிமுகத்துக்குச் செலவழிக்கப் பக்கம் இல்லை. அதைப் படித்துவிட்டு "எல்லாம் அவசரம்" என்று குறை சொல்பவர்கள் பெரிய நாவலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

ஆபத்து, காதல், விசுவாசம் என்று மூன்று இழைகள். முதல் இரண்டும் எந்த ரொமான்டிக் சஸ்பென்ஸிலும் உண்டு. மூன்றாவது சரியாக முறுக்கேறியிருக்கிறதா என்று பார்க்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கடைசி நெருக்கடியில் நாயகி எடுக்கும் முடிவைக் கவனியுங்கள். அவளுக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லாவிட்டாலும் அதையேதான் செய்திருப்பாள் என்றால், அதுவரை வந்த ஜெபமெல்லாம் ஒட்டுவேலை.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். கொலையைப் பார்த்த ஒரே சாட்சி அவள். ஆளை அடையாளம் தெரியும்: நடை, தோள், குரல். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. "முகத்தைப் பார்த்தேன்" என்று நீதிமன்றத்தில் ஒரு வாக்கியம் சொன்னால் அவன் உள்ளே போவான். சொல்லாவிட்டால் வெளியே வந்து அவளைத்தான் தேடுவான். வழக்கை இரண்டு வருடம் கட்டி எழுப்பிய துப்பறிவாளன்தான் அவள் மனதுக்குப் பிடித்தவன். "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்று பைபிளின் யாத்திராகமம் 20:16-இல் படித்து வளர்ந்தவள் அவள். இங்கே அந்த வசனம் அலங்காரம் அல்ல. அதுவே கொலைகாரனை வெளியே விடுகிறது, அதுவே காதலில் விரிசல் விழ வைக்கிறது. விசுவாசத்தை உருவினால் கதையே இல்லை. இப்படி ஒரே முடிச்சில் மூன்று இழையும் சிக்கும் இடம் ஒன்றாவது இருந்தால்தான் இந்த வகைக்குத் தனிப் பெயர் தகும்.

அடுத்து, ஜெபம் வரும் இடம். கதவுக்கு வெளியே காலடிச் சத்தம், தாழ்ப்பாள் நகர்கிறது, நாயகி பைபிளின் துதிப்பாடலான சங்கீதம் 23-ஐ ஆறு வசனமும் விடாமல் ஒப்பிக்கிறாள். அதுவரை கொலைகாரன் மரியாதையாக வெளியே காத்திருக்கிறான்! இந்த வகையில் அடிக்கடி நடக்கும் விபத்து இதுதான். பயத்தில் இருப்பவருக்கு முழு வசனம் வராது. சங்கீதம் 13-இன் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்ற இரண்டு சொல் வந்து, மூன்றாவது சொல்லுக்குள் கதவு திறந்துவிட்டால் அது சஸ்பென்ஸ். ஜெபமாகவும் அதுவே உண்மையானது. ஜெபம் முடிந்த அடுத்த வரியில் போலீஸ் சைரன் கேட்டால் புத்தகத்தை மூடி வைக்கலாம். சங்கீதங்களே இவ்வளவு சுலபமான பதிலைத் தருவதில்லை. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது.

இந்த வகைக்குப் புதியவர்களுக்குக் காதல் பகுதியில் ஒரு விஷயம் புரியாமல் போகும். இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது, தடுப்பார் யாருமில்லை, பிறகு ஏன் 200 பக்கம் தள்ளி நிற்கிறார்கள்? காரணம் பைபிளின் 2 கொரிந்தியர் 6:14: "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக." ஒருவர் விசுவாசி, மற்றவர் இல்லை என்றால், மற்றக் காதல் கதைகளில் சாதியோ அந்தஸ்தோ செய்யும் வேலையை இங்கே இந்த வசனம் செய்கிறது. ஒரு வித்தியாசம், தடை வெளியிலிருந்து வருவதில்லை. காதலிக்கிறவரின் மனச்சாட்சிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. எழுத்தாளர் டீ ஹென்டர்சனின் ஓ'மாலி வரிசையில் 2000-இல் வந்த முதல் நாவல் இதற்கு நல்ல உதாரணம். பிணைக்கைதிகளை மீட்கப் பேச்சு நடத்தும் போலீஸ்காரி நாயகி. அவளுக்கு விசுவாசம் இல்லை. எஃப்.பி.ஐ.காரனான நாயகன் விசுவாசி. குண்டுவெடிப்பு விசாரணை ஒரு பக்கம் ஓட, அவன் தன்னைத்தானே பிடித்து நிறுத்திக்கொள்வது இன்னொரு பக்கம் ஓடுகிறது.

இந்தத் தடையை அவிழ்ப்பதில்தான் எழுத்தாளர்கள் நிறைய சறுக்குகிறார்கள். விசுவாசம் இல்லாதவரின் மனமாற்றமும் கல்யாணப் பேச்சும் ஒரே அத்தியாயத்தில் வந்தால் சந்தேகப்படுங்கள். பூட்டுக்குச் சாவி செய்தது போல இருக்கும், மனிதன் மாறியது போல இருக்காது. மனமாற்றத்தால் அவருக்கு ஏதாவது நஷ்டம் வருகிறதா, மாறிய பிறகும் கேள்விகள் மிச்சமிருக்கின்றனவா என்று பாருங்கள்.

முத்தம் குறைவு என்பதால் நெருக்கம் வேறு இடங்களுக்குப் போய்விடுகிறது. காயத்துக்குக் கட்டுப்போடும் காட்சி இல்லாத நாவலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதில் தவறில்லை. ஆனால் பத்தடி தள்ளித் துப்பாக்கிக்காரன் நிற்கும்போது அவள் கண்ணின் நிறத்தை நாயகன் ரசித்தால் தவறு. ஆபத்து தணிந்து, கை நடுக்கம் மட்டும் மிச்சமிருக்கும் பத்து நிமிடம்தான் காதலுக்குரிய நேரம்.

துறைத் தகவல்களையும் மதிப்புரையாளர் கவனிக்கலாம். அமெரிக்காவில் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 1970-இன் சட்டத்தில் பிறந்தது. சாட்சியை வேறு பெயரில் வேறு ஊரில் குடிவைப்பது யு.எஸ். மார்ஷல்ஸ் துறையின் வேலை, எஃப்.பி.ஐ.யின் வேலை அல்ல. எஃப்.பி.ஐ. நாயகன் தானே காரோட்டிக் கொண்டுபோய்க் குடிவைத்து, உள்ளூர் ஷெரிஃபிடம் முகவரியையும் கொடுத்தால் சிரிப்பு வரும். பாதுகாக்கும் சாட்சியையே காதலிப்பது பணிவிதிகளுக்குப் புறம்பு என்று நாயகனுக்கு ஒருமுறைகூடத் தோன்றாதது இன்னும் மோசம். தோன்றி, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தால் கதைக்கு ஒரு புதிய ஓட்டை கிடைக்கும். வில்லன் அதன் வழியாகவே நுழையலாம்.

வில்லன் யாரென்று 60-ஆம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது என்பதைக் குறையாக எழுத வேண்டாம். யார் செய்தது என்பது மர்மக் கதையின் கேள்வி. அடுத்து என்ன ஆகுமோ என்பது இதன் கேள்வி.

வீட்டில் எல்லோரும் படிக்கலாம் என்ற தீர்ப்புக்கும் ஒரு திருத்தம். படுக்கையறைக் காட்சியும் வசைச்சொல்லும் இராது, உண்மை. ஆள்கடத்தல், தொடர்கொலை, மனைவியை அடிக்கும் கணவன், மனித வியாபாரம் எல்லாம் உண்டு. ரத்தத்தை விவரிக்காவிட்டாலும் அதன் பின்விளைவுகளை விவரிப்பார்கள். 12 வயதுக் குழந்தையிடம் கொடுக்கும் முன் பெரியவர் ஒருவர் படித்துவிடுவது நல்லது.

வரிசை எண்ணையும் மதிப்புரையில் கட்டாயம் குறிப்பிடுங்கள். பெரும்பாலும் அண்ணன் தம்பிகளோ ஒரே படைப்பிரிவின் ஆட்களோ, புத்தகத்துக்கு ஒரு ஜோடியாக வருவார்கள். மூன்றாவதை முதலில் படித்தால் முன் இரண்டில் யார் பிழைத்தார்கள், யார் யாரை மணந்தார்கள் என்பது முதல் அத்தியாயத்தின் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துபோகும். 0.5 என்று எண்ணிட்ட குறுநாவல் முன்கதை. ஓ'மாலி வரிசைக்கும் 1999-இல் வந்த முன்கதை நாவல் ஒன்று இருக்கிறது. அது மேலே சொன்ன நாயகனின் தங்கை கதை.

கடைசியாக மொழிபெயர்ப்பு. வில்லனின் பார்வையில் வரும் சாய்வெழுத்துப் பகுதிகளில் ஆணா பெண்ணா என்பதை ஆங்கிலம் எளிதில் மறைத்துவிடும். தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும்: வந்தான், வந்தாள். "அந்த உருவம் நகர்ந்தது" என்று இரண்டு பக்கம் ஓட்டலாம், இருபது பக்கம் ஓட்ட முடியாது. அந்தப் பகுதியை "நான்" என்று தன்மையில் மாற்றிவிடுவதுதான் நல்லது. "வந்தார்" என்று மரியாதைப் பன்மை போட்டால் தப்பலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கொலைகாரருக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தால் பயம் போய்விடும்.

ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் இந்தக் கதைக்கு மூன்று வேண்டும்: அந்நியரான அவளிடம் "நீங்கள்", பிறகு "நீ", ஜெபத்தில் "நீர்". "நீங்கள்" எந்த இரவில் "நீ" ஆகிறது, ஜெபத்தையே விட்டுவிட்டவன் எந்த வரியில் முதல்முறை "நீர்" என்கிறான் என்பதை மூலம் சொல்லாது. மொழிபெயர்ப்பாளர்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழாக்கம் ஏதேனும் மதிப்புரைக்கு வந்தால் அந்த இரண்டு இடத்தையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்கள்