அரண்மனைக்கு வாழ்த்து அட்டை எழுதப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இளவரசர் வில்லியமுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பலாமா, அனுப்பினால் போய்ச் சேருமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக அனுப்பு. முகவரி ஒன்றும் ரகசியமில்லை: கென்சிங்டன் அரண்மனை, லண்டன். மன்னர் சார்லஸுக்கு என்றால் பக்கிங்ஹாம் அரண்மனை.

எப்படி விளிப்பது என்றுதான் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். மன்னருக்கு 'யுவர் மெஜஸ்டி', இளவரசருக்கு 'யுவர் ராயல் ஹைனஸ்'. அவ்வளவுதான். 'தங்கள் பணிவும் கீழ்ப்படிதலும் உள்ள ஊழியன்' என்று முடிக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கட்டாயமில்லை என்று அரண்மனையே சொல்லிவிட்டது. நீ என்ன அவர்களிடம் சம்பளம் வாங்குகிறவனா? 'அன்புடன்' போதும்.

உள்ளே என்ன எழுதுகிறாய் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் மன்னருக்குப் புற்றுநோய் என்று அறிவித்ததும் ஆயிரக்கணக்கில் அட்டைகள் வந்து குவிந்தன. அவர் அவற்றைப் படிக்கும் வீடியோவை அரண்மனை வெளியிட்டது. அதில் ஓர் அட்டையைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். சிகிச்சைக்குப் பிறகு கழுத்தில் புனல் மாட்டிவிட்ட நாய் ஒன்றின் படம்; 'உங்களுக்காவது இது இல்லையே' என்கிற மாதிரி ஒரு வரி. யாரோ முன்பின் தெரியாதவர் அடித்த ஜோக். 'நீடூழி வாழ்க' என்று பக்கம் பக்கமாக எழுதியவர்களை விட இவர் கெட்டிக்காரர் என்பேன்.

வில்லியம் 2015 முதல் 2017 வரை ஏர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் ஓட்டியவர். ஆஸ்டன் வில்லா அணி என்றால் உயிரை விடுவார். நீயும் கால்பந்துப் பைத்தியம்தானே, அந்த அணி ஆடிய ஒரு மேட்சைப் பற்றி நாலு வரி எழுதேன்.

மினுமினுப்புத் தூள் உதிரும் அட்டையும் பாட்டுப் பாடும் அட்டையும் வேண்டாம். வரும் தபாலெல்லாம் பாதுகாப்புச் சோதனை தாண்டித்தான் உள்ளே போகும். பேட்டரியும் ஒயருமாக அனுப்பி எதற்கு வம்பு?

பதில் வந்தால் பெரும்பாலும் ஒரு புகைப்படமும் அச்சடித்த நன்றி வாசகமும்தான் இருக்கும். இளவரசரின் கையெழுத்தை எதிர்பார்க்காதே. அந்த நன்றி அட்டைகளை ஏல இணையதளத்தில் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பிடிக்காத வியாபாரம்.

மற்ற நாடுகளுக்கும் எழுதும் ஆசை வந்தால் யார் பட்டத்தில் இருக்கிறார் என்று முதலில் பார்த்துக்கொள். டென்மார்க்கில் மார்கரேத்தே 2024 ஜனவரி 14 அன்று பட்டம் துறந்து மகன் பிரெடரிக் மன்னரானார். ஆனாலும் அந்த அம்மாவுக்கு அரசி என்ற பட்டம் இன்னும் உண்டு.

வில்லியமின் பிறந்தநாள் ஜூன் 21. வெளிநாட்டுத் தபாலை நம்ப முடியாது, மே மாதமே போட்டுவிடு. உன் முகவரியை உறையின் பின்பக்கம் எழுதினால் மட்டும் போதாது, அட்டைக்குள்ளும் எழுது. பிரித்த பிறகு உறை எங்கே போகும் என்று யார் கண்டது?

அன்புடன்,
அக்கா